நனைந்த இடமும் கசிந்த இடமும்

நூல்களைப் பற்றியே எழுதியும் பேசியும் பழகிய இடத்தில் ஒரு காரின் எண்ணெய்க் கசிவைப் பற்றி எழுதப் புகுவதை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டில் வேறெதைப் பற்றியும் பேச்சில்லை.

கார் 2007இல் வாங்கியது. செய்தவர் பெயர் வேண்டாம். அத்தனை வயதுக்குப் பின் எந்த இயந்திரமும் எங்கேனும் கசியத்தான் செய்யும். பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல்லூரிக்கு நாங்கள் இருவரும் அதில்தான் போய்வருகிறோம். விடுமுறை நாட்களில் அப்பா ஓட்டுவார். (எங்களுள் ஒருவருக்கு அவர் மாமனார், இருவருமே அப்பா என்றழைத்துப் பழகிவிட்டோம்.) 29 ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வயது 74.

ஒருநாள் சந்தைக்குப் போய்வந்து இறங்கியவர், "ஸ்டியரிங் முனங்குது, பாத்துக்கிடுங்க" என்றார். விடைத்தாள் திருத்தும் காலம் அது. நாங்கள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் மருந்துக்கடை வாசலில் அவர் காரை நிறுத்தும்போது முன்சக்கரம் ஓரக்கல்லில் ஏறி இறங்கியது. அதற்கும் நாலைந்து நாட்களுக்குப் பிறகுதான் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் செந்நிறப் பொட்டொன்று தென்பட்டது. குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் நீராயின் நிறமிராது. எஞ்சின் ஆயிலாயின் கறுத்திருக்கும். பழுப்பேறிய சிவப்பு என்றால் அது பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் எண்ணெய். பின்னர் கற்றுக்கொண்டது இது. அன்று குங்குமம் கொட்டியிருக்கிறது என்றே எண்ணினோம்.

பவர் ஸ்டியரிங்குக்குத் தமிழில் என்ன சொல்வது என்று எங்களுக்குள் ஒரு சிறு வாதம் நடந்தது. திசைமாற்றி என்கின்றன அகராதிகள். பட்டறையில் அதைச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பொறியின் கதை எளியது. தொட்டியிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் வழியே எண்ணெய் பம்புக்கு வருகிறது. எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் பம்பு அதை அழுத்தித் தடித்த குழாய் வழியே கீழேயுள்ள ரேக்குக்கு அனுப்புகிறது. நாம் சக்கரத்தைத் திருப்பும் பக்கம் எண்ணெயும் சேர்ந்து தள்ளுகிறது. பிறகு மற்றொரு குழாய் வழியே தொட்டிக்குத் திரும்புகிறது. டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் காற்றடிக்கிறோம். இப்பம்போ முழுமூச்சில் 1,000 பவுண்டைத் தாண்டும். ஆகவே அழுத்தக் குழாயில் கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. மெல்லிய பீச்சல் தோலைத் துளைத்துவிடும். அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இலேயே இதனைக் காரில் பொருத்தி ஓட்டிக்காட்டினார். விற்பனைக்கு வந்த காரில் இது இடம்பெற்றது 1951இல்தான். அப்பா ஓட்டிய பேருந்துகளில் பலகாலம் இது இல்லை. அவருடைய தோள்களைப் பார்த்தாலே தெரியும்.

முதலில் போனது கண்ணாடிச் சுவரும் குளிரூட்டிய காத்திருப்பறையும் கொண்ட ஒரு பணிமனைக்கு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கக் காரை உயர்த்திக் காட்டினார்கள். ரேக்கின் முனையிலுள்ள மடிப்பு ரப்பர் உறை எண்ணெயில் நனைந்திருந்தது. ரேக்கையே மாற்ற வேண்டும், 31,000 ரூபாய் என்றார்கள். "எங்கயாவது இடிச்சீங்களா?" என்று ஒருவர் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று மாலை, வாசல் ஆணியில் தொங்கும் கார்ச்சாவியை எடுத்து அலமாரிக்குள் வைத்தோம். எவரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அப்பா ஆணியைப் பார்த்தார். அவரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம் சந்தைக்குப் பேருந்தில் போனார்.

பணம் உடனே புரளவில்லை. ஆகையால் வாரந்தோறும் எண்ணெய் வாங்கி ஊற்றினோம். இரண்டு நாள் சத்தமடங்கும். மூன்றாம் நாள் திருப்பங்களில் மீண்டும் முனங்கும். இது சரியான வழியன்று. எண்ணெய் வற்றினால் பம்பு தேய்ந்து கெடும். சூடான புகைக்குழாயில் சொட்டினால் தீப்பற்றவும் கூடும். ஊற்றிக்கொண்டேயிருப்பதில் ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு சக ஆசிரியர் சொல்லி மேலப்பாளையம் பக்கம் வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் சென்றோம். அவர் காரின் அடியில் குனியவில்லை. எங்களைத்தான் விசாரித்தார்.

"சத்தம் மொதல்ல வந்துச்சா, எண்ணெ மொதல்ல விழுந்துச்சா?"

"சத்தம்தான் அண்ணாச்சி."

"கல்லுல ஏறுனது?"

"சத்தத்துக்கு அப்புறம்."

சொன்ன பிறகே, சத்தத்தை எங்களுக்குச் சொன்னவர் யாரென்பது நினைவுக்கு வந்தது.

அவர் ரேக் உறையின் பட்டியைக் கழற்றி விலக்கிக் காட்டினார். வெளியே நனைந்திருந்த உறை உள்ளே உலர்ந்திருந்தது. ரேக்கின் சீல் போயிருந்தால் எண்ணெய் முதலில் உறைக்குள்ளேதான் தேங்கும் என்றார். பிறகு பம்பு, குழாய்கள், தாங்கிகள் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, வீட்டில் பிள்ளைகளுக்குப் பூசும் பவுடரைத் தூவினார். எஞ்சினை ஓடவிட்டு எங்களுள் ஒருவரைச் சக்கரத்தை இருபுறமும் திருப்பச் சொன்னார். கடைசிவரை திருப்பி அங்கேயே பிடித்து வைக்கக் கூடாது, பம்பு திணறும் என்று எச்சரித்தார். தொட்டிக்குள் எண்ணெய் நுரைத்தது. பவுடரில் ஒரு கோடும் இல்லை.

"இப்ப நிப்பாட்டுங்க. டீ குடிப்போம்."

அரைமணி நேரம் கழித்து விளக்கடித்துப் பார்த்தோம். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாய், பம்பைச் சேருமிடத்தில் பட்டிக்கடியில் தொடங்கி, தாங்கி வழியே இறங்கி, சட்டத்தின் விளிம்பைப் பிடித்து நடந்து, ரேக் உறையின் மேல் சென்று நின்றது ஒரு செங்கோடு.

"நனைஞ்ச எடத்தப் பாக்கக் கூடாது. காஞ்ச எடம் எங்க முடியுதுன்னு பாக்கணும்" என்றார். வெப்பத்தில் இறுகி வெடித்திருந்தது குழாய் முனை. எஞ்சின் ஓடும்போது பம்பு உறிஞ்சுவதால் அந்த வெடிப்பு காற்றைக் குடிக்கிறது. முனகலும் நுரையும் அதனால். எஞ்சின் நின்றால் எண்ணெயைக் கக்குகிறது. சத்தம் முதலிலும் சொட்டு பிறகும் வந்தது அதனால்தான். ஓடும் எஞ்சினில் பார்த்தவர்கள் கண்ணில் அது படவில்லை.

ஆண்டுதோறும் வகுப்பில் நாங்கள் சொல்லும் ஒன்று உண்டு. பொருள் முட்டும் அடியிலேயே பிழை இருக்கும் என்று எண்ணாதே. இரண்டடி முன்னே சொல்லைத் தவறாகப் பிரித்திருப்பாய், அங்கே போ என்போம். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன் எத்தனை ஏடுகளை ஒப்புநோக்கினார் என்றும் விரிவாகச் சொல்வோம். வேப்பமரத்தடியில் நின்றபோது அவ்வளவும் நினைவுக்கு வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

எண்ணெய் தாங்கும் வகைக் குழாய் புதிதாக வந்தது. தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டினால் ஆறு மாதத்தில் ஊறிக் கூழாகிவிடுமாம். பட்டிகள் இரண்டும் புதியவை. தொட்டி மூடியில் அச்சிட்டிருந்த வகை எண்ணெயையே ஊற்றி, முன்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, எஞ்சினை ஓட்டாமல் சக்கரத்தை இருபதுமுறை இடமும் வலமும் மெல்லத் திருப்பிக் காற்றை வெளியேற்றினார். பிறகு எஞ்சினை ஓட்டினோம். நுரையில்லை, முனகலில்லை. 1,450 ரூபாய்.

இரவு உணவின்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். ஓரக்கல்லுக்கும் கசிவுக்கும் தொடர்பில்லை என்பதை இரண்டுமுறை சொன்னோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "எந்தக் குழாய்? தொட்டியிலருந்து பம்புக்கு வாரதா?" ஆமென்றோம். "அந்தச் சத்தந்தான்" என்றார். எங்களிடம் மன்னிப்பு என்ற சொல் இருந்தது. அவரிடம் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சாவியை ஆணியில் மாட்டினோம். "கெடக்கட்டும்; கண்ணும் முன்னப்போல இல்ல" என்றார். அது மெய்தானா என்று எங்களால் கணிக்க முடியவில்லை.

சாவி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. சந்தைக்குப் பேருந்தில்தான் போகிறார். ஆனால் இரவில் படுக்கப் போகுமுன் காரின் அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்துவைக்கிறார். விடியற்காலையில் அதை வெளியே இழுத்து, விளக்கு வெளிச்சத்தில் இருபுறமும் பார்த்து மடித்து வைக்கிறார். இன்று காலையும் உலர்ந்திருந்தது என்று சொன்னார்.