கண்டியிற் பன்னிரண்டு நாள்

நம் கல்லூரி விழாமலருக்கு ஏதேனும் எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, பழைய ஆசிரியர்களைப் பற்றியும் விடுதிச் சோற்றைப் பற்றியும் எழுதுதற்குப் பலர் உளர் என்பது எமக்குத் தெரிந்திருந்தது. ஆதலால், 2024ஆம் ஆண்டு தை மாதத்திற் கண்டிமாநகரில் யாம் தங்கிய பன்னிரண்டு நாட்களைப் பற்றி எழுதத் துணிந்தோம். யாம் என்பது பெருமை கருதி வந்த பன்மையன்று. கணவனும் மனைவியுமாகிய எம்முள் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதினார். எழுதியதை அடித்துத் திருத்தியவர் சொன்னவரே.

உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபின் ஆண்டுக்கு ஒரு நாடாகப் பார்த்து வருகிறோம். தொடக்கத்தில் இலண்டனிலிருந்து புறப்படும் சுற்றுலாப் பேருந்துகளில் ஏறினோம். எட்டு நாளில் ஐந்து தேசம் காட்டுவார்கள். வீடு திரும்பிப் படங்களைப் பரப்பி வைத்தால் எந்தக் கோபுரம் எந்த ஊரது என்று இருவருக்கும் வழக்கு மூளும். எழுபது வயதைக் கடந்தபின் அம்முறையைக் கைவிட்டோம். ஓர் ஊர், ஒரே தங்குமிடம், நாளுக்கு ஒரு காட்சி, நண்பகலில் உறக்கம் என்பதே இப்பொழுது எம் விதி. இவ்விதியின்படி யாம் பார்த்த ஊர்களுள் எம் மனத்தை விட்டு நீங்காதது, யாம் பிறந்த நாட்டிலேயே இருக்கும் கண்டி.

கண்டியை முன்பு பார்த்ததில்லையா என்று கேட்பீர்கள். பள்ளிப் பருவத்துச் சுற்றுலாவிற் பேருந்து யன்னலால் ஒரு நாள் பார்த்ததுண்டு. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் கண்டித் தெருக்களிலும் தமிழர் கடைகள் எரிந்தன; அடுத்த ஆண்டு யாம் கடல் கடந்தோம். அதன் பின்னர் இலங்கைக்கு வந்தபோதெல்லாம் கலியாணத்துக்கோ செத்த வீட்டுக்கோ நேரே யாழ்ப்பாணம் சென்று மீண்டதன்றி, நாட்டைப் பார்க்கவென்று வந்ததில்லை.

கடல்மட்டத்தினின்றும் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. தை மாதக் காலைகளில் ஒரு கம்பளிச் சட்டை வேண்டியிருக்கும். பத்து மணிக்கு அதைக் கழற்றிக் கையில் தூக்கித் திரியவும் வேண்டியிருக்கும். முதியவர்க்குக் கண்டி வாவியின் கரையைப் போல நடைக்கு ஏற்ற இடம் வேறில்லை. மேடு பள்ளமில்லை, மர நிழல் உண்டு, இருக்க வாங்குகள் உண்டு. ஒரு சுற்று மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். இளைஞர் நாற்பது நிமிடத்தில் முடிப்பர். எமக்கு இரண்டு மணி நேரம்.

வாவியை 1807இல் வெட்டத் தொடங்கியவன் கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இளமையில் அவனுக்குக் கண்ணுச்சாமி என்று பெயர். மதுரை நாயக்கர் வழியில் வந்து 1739 முதற் கண்டியை ஆண்ட நால்வருள் இறுதியானவன். எம் ஊர்க் கோயில் வெளியில் விடிய விடிய ஆடிய 'கண்டியரசன்' கூத்திலே அவனைக் கண்டு நடுங்கியவர்கள் யாம். எகலப்பொல அதிகாரத்தின் மனைவியும் மக்களும் தண்டிக்கப்படும் கட்டம் வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து அழுகுரல் எழும். வாவிக்கரை வாங்கில் இருந்தபடி அக்கூத்தை இருவரும் நினைவு கூர்ந்தோம். ஒருவர்க்கு மறந்த அடி மற்றவர்க்கு வந்தது.

அந்நாயக்க மன்னரைப் பற்றி நம் நூல்கள் கூறுவது குறைவு. அவருள் இரண்டாமவனாகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனே 1753இற் சீயம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, இலங்கையில் அற்றுப்போயிருந்த பௌத்த துறவுநெறியை மீண்டும் நிலைநிறுத்தியவன். தென்னாட்டிலிருந்து வந்தவன் செய்த பணி அது. எனினும், 1815 மார்ச் 2ஆம் நாள் மகுல் மடுவ என்னும் அரச மண்டபத்தில் பிரதானிகள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்தபோது, மலபார் இனத்தார் இனி அரியணை ஏறலாகாது என்று எழுதினர். மன்னன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கிறது. மகுல் மடுவத்தின் மரத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் சித்திர வேலையைப் பார்க்க ஒரு முழுக் காலையைச் செலவிட்டோம்.

பார்க்கச் சென்ற இடங்களுள் ஒன்றின் வாயிலில் நிகழ்ந்ததை இங்குச் சொல்ல வேண்டும். எந்த இடம் என்பது முக்கியமன்று. உள்நாட்டவர்க்கு ஒரு வரிசை, வெளிநாட்டவர்க்கு மற்றொரு வரிசை, கட்டணமும் வெவ்வேறு. எம் முகத்தைக் கண்ட காவலர் உள்நாட்டவர் வரிசையைக் கை காட்டினார். எம் கையிலோ பிரித்தானியக் கடவுச்சீட்டு.

"இஞ்சாருங்கோ, நாங்கள் எந்தப் பக்கம்?" என்று எம்முள் ஒருவர் மெல்லக் கேட்டார். மற்றவர் உடனே விடை சொல்லவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கவே வெளிநாட்டவர் பக்கம் நகர்ந்து, கேட்ட தொகையைக் கொடுத்து உள்ளே சென்றோம். கட்டணத்தைப் பற்றி எமக்குக் குறை இல்லை. அந்நாட்டார் வரியாற் காக்கப்படும் பொருளைப் பார்க்க வந்தவர் கூடுதலாகக் கொடுப்பது நியாயமே. ஆனாற் சீட்டில் அச்சிட்டிருந்த 'வெளிநாட்டவர்' என்னும் சொல்லை அன்று மாலை வரை ஒருவர்க்கொருவர் தெரியாமல் எடுத்தெடுத்துப் பார்த்துக்கொண்டோம்.

லெனாட் வுல்ப் என்னும் ஆங்கிலேயர் 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியிலும், 1907இற் கண்டியிலும் உத்தியோகம் பார்த்தவர். 1911இல் இந்நாட்டை விட்டுச் சென்று, 1960இல், தம் 79ஆம் வயதில், ஒரு தோழியாரோடு மீண்டும் வந்து யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் சுற்றிப் பார்த்தார். ஆட்சி செய்தவர் என்ற கசப்பின்றி அவரை அன்போடு வரவேற்றனர். அந்த முதியவர் எந்த வாயிலிலும் எம்மைப் போலத் தயங்கியிருக்க மாட்டார் என்று பேசிச் சிரித்தோம். தாம் யார் என்பதில் அவருக்கு ஐயம் இருந்திராது.

தலதா மாளிகைக்கு மாலைப் பூசை நேரத்திற் சென்றோம். தவில் போன்று முழங்கும் மேளமும் தாமரை, நீலோற்பல மலர்களின் வாசமும் எமக்குப் புதியனவல்ல. 1998 ஜனவரி 25ஆம் நாள் புலிகள் வெடிகுண்டேற்றிய லொறியை அவ்வாயிலுக்குக் கொண்டுவந்து வெடிக்கச் செய்தனர். குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர். வெடியில் உதிர்ந்த சாந்தின் கீழே, எவரும் அறியாதிருந்த பழைய சுவரோவியங்கள் தெரியவந்தன. அவ்விடத்தில் யாம் தமிழிற் பேசிக்கொண்டு நின்றோம். அருகே மலர்த்தட்டோடு நின்ற சிங்கள மூதாட்டியார் ஒருவர், எம்முள் மூட்டுவலி உள்ளவரைக் கண்டு, தாம் சாய்ந்திருந்த தூணை விட்டுக் கொடுத்தார்.

கண்டிக்குத் தென்மேற்கே இருக்கும் மூன்று கோயில்களையும் சுற்றுலாக்காரர் அரை நாளிற் பார்ப்பர். யாம் மூன்று நாள் எடுத்தோம். கடலாதெனியாவும் லங்காதிலகமும் கம்பளை அரசர் காலத்தில் 1344இல் எழுந்தவை. கடலாதெனியாவைக் கட்டிய சிற்பி கணேசுவராசாரி. கருங்கல்லால் ஆன அதன் முன்மண்டபத்தில் நின்றால் தஞ்சைப் பக்கத்துச் சிவன் கோயிலொன்றில் நிற்பது போல் இருக்கும். உள்ளே எழுந்தருளியிருப்பவர் புத்தர். லங்காதிலகத்துக்குப் பாறையில் வெட்டிய படிகளால் ஏற வேண்டும். பத்துப் படிக்கு ஒரு முறை நின்று ஏறினோம். முன்புறம் புத்தர், சுற்றியுள்ள சந்நிதிகளிற் பிள்ளையாரும் முருகனும் விபீடணனும் இருக்கின்றனர். அருகே பாறையிற் சாசனம் பொறித்திருக்கிறார்கள், சிங்களத்திலும் தமிழிலும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, வெயில் சாய்ந்த பின் பாறை மேல் குனிந்து, ஓர் ஐந்தாறு எழுத்தை ஐயமின்றி வாசித்தோம். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுக்கு முன், புத்தர் கோயிலுக்கு விட்ட கொடையைத் தமிழிலும் எழுதி வைக்க வேண்டுமென்று அரசன் எண்ணியிருக்கிறான். அரை நாளில் மூன்று கோயில் பார்ப்பவர்க்கு இப்பாறைப் பக்கம் திரும்ப நேரமிராது.

மூன்றாவதாகிய எம்பக்கே கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது. அதன் மேள மண்டபத்து மரத்தூண்களில் அன்னம், மற்போர் வீரர், இருதலைப் பறவை, குழந்தைக்குப் பாலூட்டும் தாய் என்று செதுக்கியிருக்கின்றனர். கூரையின் ஒரு மூலையில் 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து கூடுகின்றன. தச்சு வேலை தெரிந்தவர் கண்டால் அன்று முழுதும் அண்ணாந்தே நிற்பார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்று அங்கு வளர்ந்தவர். 1903 அளவிற் கனிப்பொருள் ஆய்வாளராக இலங்கைக்கு வந்தபோது, மனைவி எதெலோடு கண்டி நாட்டுக் கிராமங்களில் அலைந்து கம்மாளரையும் தச்சரையும் கண்டு எழுதினார். அம்மையார் படம் பிடித்தார். மத்திய காலச் சிங்களக் கலை பற்றி அவர் 1908இல் வெளியிட்ட பெருநூல் அவ்வாறு பிறந்தது. ஊர் ஊராக அலைந்து பார்த்த தம்பதியர் என்பதால் அவர்கள் மேல் எமக்குத் தனி விருப்பம்.

பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் தொடங்கியது. மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோட, 147 ஏக்கர் நிலம். இரட்டைத் தென்னையையும் பேரால மரத்தையும் பழவௌவால்களையும் பற்றி எல்லாரும் எழுதியிருக்கின்றனர். எம்மை நிறுத்தியது பனைச் சாலை. இரு மருங்கும் வரிசையாகப் பனை! வடலி வெளியில் எண்ணாமல் விட்ட மரத்தை இங்கே இங்கிலாந்துப் புற்றரையைப் போல வெட்டிய புல்லின் நடுவே, காட்சிப் பொருளாகக் கண்டோம். நொங்கு எப்பொழுது இறக்குவார்கள் என்று தோட்டக்காரரைக் கேட்கலாமா என்று தோன்றியது; கேட்கவில்லை.

இத்தனை இடங்களுக்கும் எம்மை ஏற்றிச் சென்ற ஓட்டோக்காரத் தம்பியைப் பற்றிச் சொல்லாது விடுவது முறையன்று. ஹந்தானை மலைச்சாரலிற் பிறந்த மலையகத் தமிழர். ஐம்பதை நெருங்கும் வயது. முதல் நாளே எம் வேகத்தைப் புரிந்துகொண்டு, "அவசரம் ஒண்ணும் இல்லீங்கய்யா, மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு நிழலில் உறங்குவார். ஹந்தானையில் 1925இற் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இப்பொழுது காட்சிசாலையாக இருக்கிறது. அங்கே எம்மோடு அவரும் உள்ளே வந்தார். உருட்டும் இயந்திரங்களுக்குப் பெயர் சொல்லி, எது எப்படிச் சத்தமிடும் என்பதையும் சொன்னார். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் தேயிலை நட்ட கதை அங்கே எழுதியிருந்தது. அதை வாசித்து முடித்தபின் அவர் தம் கதையைச் சொன்னார்.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் ஏழு இலட்சம் வரையானோர் நாடற்றவராயினர். அச்சட்டங்கள் பற்றிய பிணக்கினாலேயே செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டு நீங்கித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதை நம் காலத்து மாணவர் அறிவர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. இவை யாவும் யாம் செய்தித்தாளில் வாசித்த எண்கள். அவர் சொன்னது வேறு.

"பெரியப்பா குடும்பம் கோச்சியில போயிட்டாங்கய்யா. ஒப்பாரிக் கோச்சின்னு சொல்லுவாங்க. ஸ்டேசன்ல எல்லாரும் கட்டிப் புடிச்சு அழுவாங்களாம். இப்ப கோத்தகிரில இருக்காங்க. தாத்தா மட்டும் போகமாட்டேன்னுட்டார். அவரு செத்து எத்தனையோ வருசம் கழிச்சு, 2003ல சட்டம் வந்து, பாட்டிக்கு இந்த நாட்டுக்காரின்னு காயிதம் கெடச்சுது. அதுவரைக்கும் அது எந்த நாட்டுக்காரியும் இல்லீங்க."

எம்முள் ஒருவர், "பாட்டி அந்தக் காகிதத்தை என்ன செய்தா தம்பி?" என்று கேட்டார்.

"தகரப் பொட்டியில வச்சுப் பூட்டிட்டாங்கம்மா. சாவியத் தாலிக் கயித்துல முடிஞ்சிருந்தாங்க."

மேல்மாடியில் தேநீர் தந்தார்கள். விலையை யாமே கொடுக்க முற்பட்டோம். அவர் தம் கோப்பைக்குத் தாமே கொடுத்தார். எங்கள் கடவுச்சீட்டைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. இலண்டனிற் குளிர் எப்படி, அங்கே எந்தத் தோட்டத்துத் தேயிலை விற்கிறது என்பவற்றையே கேட்டார்.

பதினோராம் நாள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு அவரே எம்மை அழைத்துச் சென்றார். 1952இற் பேராதனைக்கு வந்த அப்பல்கலைக்கழகத்தில் எம் வகுப்புத் தோழர் சிலர் படித்தனர். எமக்கு அனுமதி கிடைக்கவில்லை. மலைமேற் கோயிலின் முன்றிலிலிருந்து கீழே மரங்களுக்கிடையே மாணவர் விடுதிகளின் ஓட்டுக் கூரைகள் தெரிந்தன. பூசை முடிந்து திருநீறு வாங்கியபின், தம்பி கையை நீட்டி ஒரு கூரையைக் காட்டினார். அங்கேதான் தம் மகள் தங்கியிருக்கிறாள், விவசாய பீடத்தில் இரண்டாம் ஆண்டு என்றார். வெள்ளிக்கிழமை ஆதலால் அவளும் கோயிலுக்கு வருவாள். கொஞ்சம் பொறுத்தால் பார்க்கலாம் என்றார். எமக்கு அவசரம் இல்லை. படியில் அமர்ந்தோம்.