வாசலில் செருப்பு விடாத நண்பர்கள்

ஒரு வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை நண்பர்கள் என்பதை வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணியே சொல்லிவிடலாம். கூடத்தில் சிரிப்புச் சத்தம், அடுப்பில் கூடுதலாக நாலு டம்ளர் காபி, கிளம்பும்போது 'போயிட்டு வர்றேம்மா' என்று ஒரு குரல். பெற்றவர்களுக்கு அது போதும். நல்லது கெட்டதுக்குப் பிள்ளைக்கு ஆள் இருக்கிறது என்று மனசு நிம்மதியாகிவிடும்.

இணையத்தில் கிடைத்த நட்புக்கு இந்த அடையாளம் எதுவும் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு, மூடிய கதவுக்குள் மினுக்கும் திரை வெளிச்சம் மட்டும்தான் தெரியும். அதைப் பார்க்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிள்ளை தனியாகக் கிடக்கிறானே என்றுதான் தோன்றும்.

நார்வே நாட்டின் ஓஸ்லோவில் ராபர்ட், ட்ரூடா தம்பதிக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர்கள் மகன் மாட்ஸ் ஸ்டீன் 1989-ல் பிறந்தவன். நான்கு வயதில் அவனுக்கு டுஷென் தசைச் சிதைவு நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் மரபணுக் கோளாறு அது. தசைகளைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தை உடலால் உருவாக்க முடியாது. முதலில் கால்கள் தளரும், பிறகு கைகள். கடைசியில் மூச்சுக்கும் இதயத்துக்கும் வேண்டிய தசைகளே கைவிடும்.

ஓடியாடி விளையாடும் வயதில் மாட்ஸ் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். வளர வளர விரல்களை மட்டும்தான் அசைக்க முடிந்தது. அந்த விரல்களைக் கொண்டு அவன் கணினியில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டை விளையாடினான். உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டு அது. கடைசிப் பத்து ஆண்டுகளில் மட்டும் 15,000 மணி நேரத்துக்கு மேல் அவன் அதில் இருந்திருக்கிறான்.

2014 நவம்பரில், 25 வயதில், மாட்ஸ் இறந்துபோனான். பெற்றவர்களுக்கு மரணத்தை விடவும் பெரிய துக்கம் ஒன்று இருந்தது. மகன் நட்பு என்றால் என்னவென்று தெரியாமல், காதல் என்றால் என்னவென்று தெரியாமல், யாருடைய வாழ்விலும் ஒரு சுவடும் பதிக்காமல் போய்விட்டானே என்ற துக்கம்.

மாட்ஸ் இணையத்தில் ஒரு வலைப்பூ வைத்திருந்தான். அதில் மரணச் செய்தியை எழுதிய ராபர்ட், யாராவது தொடர்புகொள்ள விரும்பினால் எழுதட்டும் என்று தன் மின்னஞ்சல் முகவரியையும் போட்டார்.

முதல் கடிதம் வந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் முன்பின் தெரியாத ஒருவர், 'உங்கள் மகன் என் நண்பன்' என்று எழுதியிருந்தார்.

அந்த உலகத்தில் மாட்ஸுக்குப் பெயர் இபெலின். கட்டுடல் கொண்ட துப்பறிவாளன். 'ஸ்டார்லைட்' என்ற சிறு குழுவில் ஓர் உறுப்பினன். அந்தக் குழுவினர் எதிரிகளை வீழ்த்திப் புள்ளி சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. கதை மாந்தர்களாகவே மாறி ஊர் சுற்றுவார்கள், கூடி உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். விளையாட்டுக்குள் நுழைந்ததும் இபெலின் முதலில் செய்வது, அரை மணி நேரம் ஓடுவது. நிஜத்தில் நடக்கவே முடியாத பையன் அங்கே தினமும் ஓடியிருக்கிறான்.

ஓடியதோடு நிற்கவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மதிப்பெண் குறைந்ததால் வீட்டில் கணினியைப் பிடுங்கிவிட்டார்கள். நண்பர்களையெல்லாம் ஒரே நாளில் இழந்து அவள் சோர்ந்துபோனாள். அவளுடைய பெற்றோருக்கு மாட்ஸ் ஒரு கடிதம் எழுதினான். இந்த நட்பு அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னான். டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு தாய், ஆட்டிசம் உள்ள தன் மகனிடம் எப்படி நெருங்குவது என்று தெரியாமல் தவித்தார். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து விளையாடிப் பார்க்கும்படி யோசனை சொன்னவன் மாட்ஸ். நேரில் தொடுவதற்கே தயங்கிய மகன், விளையாட்டுக்குள் அம்மாவோடு பேசிப் பழகத் தொடங்கினான்.

இவ்வளவு பேருக்குத் தோள் கொடுத்தவன், தன் நோயை மட்டும் நண்பர்களிடம் பல ஆண்டுகள் மறைத்தான். பரிதாபப்படுவார்களோ என்ற பயம். சில சமயம் கோபத்தில் நண்பர்களின் மனதை நோகடித்ததும் உண்டு. கடைசி ஆண்டுகளில்தான் உண்மையைச் சொன்னான். யாரும் அவனை விட்டு விலகவில்லை. அவர்கள் அவனை அவன் சொற்களால் அறிந்தவர்கள். நாற்காலியைப் பார்க்கும் முன்பே மனிதனைப் பார்த்துவிட்டவர்கள்.

ஓஸ்லோவில் நடந்த இறுதிச் சடங்குக்கு, நேரில் ஒருமுறைகூட அவனைப் பார்த்திராத நண்பர்கள் பிற நாடுகளிலிருந்து வந்தார்கள். பயணச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்காகக் குழுவினர் தங்களுக்குள் பணம் திரட்டினார்கள். சவப்பெட்டியின் மீது ஸ்டார்லைட் குழுவின் கொடி போர்த்தப்பட்டது. விளையாட்டுக்குள் அவன் பேசியதும் செய்ததும் எழுத்து வடிவில் சேமிக்கப்பட்டிருந்தன. அப்படிக் கிடைத்த ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்துதான், 'தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்' என்ற ஆவணப்படத்தை பெஞ்சமின் ரீ எடுத்தார். 2024-ல் அது நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது.

முகம் பார்க்காத நட்பு தமிழுக்குப் புதிதல்ல. உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. சோழன் வடக்கிருந்தபோது, 'நண்பர் வருவார், இடம் ஒதுக்கி வையுங்கள்' என்றான். சுற்றியிருந்தவர்களுக்கு நம்பிக்கையில்லை. பிசிராந்தையார் வந்தார். இரண்டாயிரம் ஆண்டு பழைய இந்தச் செய்தியைப் புறநானூறு சொல்கிறது. பார்க்காமல் பழகியவர்கள் பக்கத்தில் வந்து நிற்பார்களா என்ற சந்தேகம் அன்றும் இருந்திருக்கிறது, அதற்குப் பதிலும் அன்றே கிடைத்திருக்கிறது.

ஆனால் சோழனுக்குக் கிடைத்த ஒரு பாக்கியம் மாட்ஸின் பெற்றோருக்குக் கிடைக்கவில்லை. 'எனக்கு இப்படி ஒரு நண்பர் இருக்கிறார்' என்று சோழன் சொன்னதை அவனைச் சுற்றி இருந்தவர்கள் அரைமனதோடாவது காதில் வாங்கினார்கள். மாட்ஸும் வீட்டில் எதையும் சொல்லாமல் இல்லை. விளையாட்டில் பழகும் சிலரைப் பற்றிப் பேசியிருக்கிறான். பெற்றோர் காதில் அவை பொம்மைப் பாத்திரங்களின் பெயர்களாகவே விழுந்தன. மகன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாமே என்றுதான் ராபர்ட் பின்னாளில் வருந்தினார்.

இணைய நட்பெல்லாம் இப்படியே அமையும் என்று சொல்ல முடியாது. பொய்ப் பெயரில் பழகிப் பணம் பறிப்பவர்களும், அந்தரங்கப் படங்களை வாங்கி மிரட்டுபவர்களும் இதே திரைக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள். பழகிய சில நாளிலேயே பணம் கேட்பவர், 'வீட்டில் சொல்லாதே' என்பவர், எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாதவர் நண்பர் அல்ல. ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்கலாம். நல்ல நட்புக்கு அவசரம் கிடையாது. ஸ்டார்லைட் நட்பும் பல ஆண்டுப் பேச்சில்தான் கனிந்தது.

திருடர்களுக்குப் பயந்து நல்லவர்களை மறந்துவிடவும் கூடாது. பிரசவம் முடிந்து தூக்கமில்லாத இரவில், அதே நிலையில் இருக்கும் இன்னொரு தாய் கண்டத்துக்கு அப்பாலிருந்து அனுப்பும் 'நானும் முழிச்சுட்டுதான் இருக்கேன்' என்ற ஒரு வரி. ஓய்வுபெற்ற பெரியவருக்கு, காலை வணக்கத்தோடு 'மாத்திரை போட்டாச்சா?' என்று கேட்கும் பழைய சக ஊழியர். ஊர் மாறி, மொழி மாறிப்போன இடத்தில் படிக்கும் பிள்ளையைத் தினமும் சதுரங்கத்தில் தோற்கடித்துச் சிரிக்கவைக்கும் யாரோ ஒருவன். இவர்களுக்கு விருந்து வைத்து நன்றி சொல்ல வழியில்லை. தீபாவளிப் பலகாரத் தூக்கை இவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் முடியாது.

அதனாலேயே அந்த நன்றியை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. கும்பிடும் கைப்படத்தை அனுப்புவது போதாது. 'அந்த மாதம் நீ பேசாமல் இருந்திருந்தால் நான் உடைந்திருப்பேன்' என்று நடந்ததைச் சொல்லி எழுதினால், படிக்கும் நண்பருக்கும் தன் பேச்சு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும். பல பேருக்கு அது தெரியாமலே போய்விடுகிறது.

வீட்டிலும் சொல்ல வேண்டும். சாப்பிட உட்காரும்போது அந்தப் பெயர்கள் ஒன்றிரண்டு பேச்சில் வரட்டும். பெரியவர்களும் 'போனை வை' என்பதற்கு முன்னால் 'யாருப்பா அது?' என்று கேட்கலாம். பதில் வந்தால் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் 'அவன் பரீட்சை எப்படி எழுதினானாம்?' என்று விசாரிக்கலாம்.

ராபர்ட்டும் ட்ரூடாவும் மகனின் நண்பர்களைக் கடைசியில் கண்டுகொண்டார்கள். அந்த நண்பர்களுக்கு நன்றி சொல்லவும் அவர்களுக்கு வாய்த்தது. 'உனக்கு இத்தனை பேரா!' என்று ஆச்சரியப்பட்டுக் கேட்பதற்குத்தான் மகன் இல்லை.