கல்லுக்குத் தண்ணீர், போல்ட்டுக்கு எண்ணெய்

எங்கள் வீட்டுத் திண்ணையில் பாதி என் தையல் மிஷினுக்கு. மறுபாதி என் கணவரின் தச்சுப் பட்டறைக்கு. இருபது வருஷத்துக்கும் மேலாக இந்தப் பாகப்பிரிவினையில் சண்டை வந்ததில்லை. நான் தைத்துக்கொண்டிருக்கும் ரவிக்கைத் துணியில் மரத்தூள் பறந்து விழுந்தால் வேண்டுமென்றே இரண்டு தடவை இருமிக் காட்டுவேன். அவரும் சிரித்துக்கொண்டே தள்ளிப் போய் இழைப்பார். 2019-ஆம் வருஷக் கோடையில் நான் இருமிக் காட்டவில்லை. அவர்தான் இருமிக்கொண்டிருந்தார். ராத்திரியெல்லாம் இருமல்.

அதற்குக் காரணம் நாலு போல்ட்டு என்று சொன்னால் நம்புவீர்களா?

நாங்கள் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். உப்புக் காற்று. கிணற்றுத் தண்ணீரும் உவர்ப்பு. இங்கே புதுத் தாழ்ப்பாள் போட்டால் அடுத்த தீபாவளிக்குள் பழைய தாழ்ப்பாளாகிவிடும். என் மாமனார் காலத்துச் சாணைக்கல் ஒன்று பின்கட்டில் கிடந்தது. மணற்கல்லைச் சக்கரமாகக் கொத்தியது, இரண்டடி விட்டம். நடுவே இரும்பு அச்சு. அச்சின் இரண்டு முனைகளும் மரச் சட்டத்தின் மேல் போல்ட்டு போட்டு முடுக்கிய இரும்புப் பட்டைகளுக்குள் சுழலும். அடியில் வேலமரப் பலகையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கல் அந்தத் தண்ணீரில் நனைந்து நனைந்து சுழலும்போது மாமா உளியைக் கொண்டுபோய் வைப்பார். "கல்லு தண்ணி குடிச்சிக்கிட்டே இருக்கணும்" என்பார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் கைப்பிடியைச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். பிறகு கரண்டில் ஓடும் கிரைண்டர் வந்தது, கல் பின்கட்டுக்குப் போனது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்து கிரைண்டர் முழுகிப் போயிற்று. எங்கள் தெருவுக்குக் கரண்டு வர ஒரு மாதம் ஆனது. கூரை போன வீடும் கதவு போன வீடுமாக, அவருக்கோ மூச்சு விட நேரமில்லாத வேலை. உளி மழுங்கினால் தீட்ட வழியில்லை. பின்கட்டுக் கல்லை வெளியே எடுத்தோம். போல்ட்டெல்லாம் துரு ஏறி, நட்டு எது, பட்டை எது என்று தெரியாமல் ஒரே கட்டியாக இருந்தது. சுத்தியலால் அவர் ஓங்கி ஒரு அடி அடிக்க, அரித்துப்போன பட்டை முறிந்து உள்ளங்கையில் ஆழமாகக் கிழித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ரணஜன்னிக்கு ஊசி போட்டார்கள். துருதான் ரணஜன்னியைக் கொண்டுவருகிறது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் உள்ளே வளரும். பளபளப்பான கத்தியில் மண் ஒட்டியிருந்தாலும் ஆபத்துதான். பத்து வருஷத்துக்கு ஒருமுறை பெரியவர்களும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னபோது, நான் கடைசியாக எப்போது போட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். பிரசவத்தின்போது!

புதுப் பட்டை, புது போல்ட்டு போட்டார்கள். கரண்டு வந்தபின் ஒரு பழைய மோட்டாரைப் பெல்ட்டுடன் மாட்டி மெதுவாக ஓடும்படி செய்துகொண்டார். ஆனால் இரண்டு மாதத்தில் போல்ட்டுத் தலையெல்லாம் செம்பட்டை. கல்லை இறுக்கவோ தளர்த்தவோ ஸ்பானர் பிடிக்கவில்லை. "இந்தத் தண்ணியாலதான் எல்லாம்" என்று ஒரு நாள் கோபத்தில் தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். அன்றிலிருந்து காய்ந்த கல்லில்தான் சாணை.

போல்ட்டு நன்றாகத்தான் இருந்தது. உளியோ தீட்டும்போது சூடேறி முனை நீலம் பாரித்தது. நீலம் பாரித்த இரும்பில் பதம் போய்விடும். நாலு தட்டுத் தட்டினால் மறுபடி மழுங்கும். மறுபடி தீட்டுவார். வெள்ளைப் புகைபோல் கல்தூள் பறக்கும். துணி மடிப்பிலெல்லாம் மாவு மாதிரி படிந்திருக்கும். சித்திரை மாதம் ஆரம்பித்தது இருமல்.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் கேட்டது, "என்ன வேலை பாக்குறீங்க?" தச்சு வேலை என்றதும் மரத்தூளா என்றார். நான் குறுக்கிட்டு, "இல்லைங்க டாக்டர், கல்லுத்தூளு" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மணற்கல் தூளில் சிலிக்கா இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியானது நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே வராது. வருஷக்கணக்கில் சேர்ந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். அதற்கு சிலிகோசிஸ் என்று பேர். வந்தபின் குணமாக்க மருந்தில்லை. காசநோய்க்கும் அது வாசல் திறந்துவிடும். "எக்ஸ்ரேயில இப்ப ஒண்ணுமில்ல. தூளினால வந்த எரிச்சல்தான். ஆனா இனிமே தண்ணி இல்லாம தீட்டக்கூடாது" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் என் கணவர் கேட்ட கேள்வி: "தண்ணி விட்டா போல்ட்டு துருப்பிடிக்குமே?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், "போல்ட்டு போனா கடையில வாங்கலாங்க. நெஞ்சு எந்தக் கடையில கெடைக்குது?" என்றேன். முன் சீட்டுப் பெண்மணி திரும்பிப் பார்த்தாள்.

"துருவைப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?"

இது நியாயமா, சொல்லுங்கள்! இதே உப்புக் காற்றில் இத்தனை வருஷம் ஒரு தையல் மிஷினைத் துரு அண்டாமல் வைத்திருக்கிறேன். அரிவாள்மனையும் தோசைக்கல்லும் யார் பொறுப்பில் இருக்கின்றன? அன்றைக்கே பந்தயம் கட்டினேன். கல்லுக்குத் தண்ணீர் கட்டாயம். துருவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுலபமாக முடியவில்லை. முதலில் போல்ட்டு போட்ட இடத்துக்குத் தண்ணீரே போகாமல் செய்ய நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாவுக்குக் குளுக்கோஸ் ஏறியதைப் பார்த்த ஞாபகம். மருந்துக் கடையில் புது ட்ரிப் குழாய் ஒன்று வாங்கி, ஊசியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கேனில் பொருத்தி, கல்லுக்கு மேலே தொங்கவிட்டோம். உருளையை நகர்த்தினால் வேண்டிய அளவு சொட்டும். தொட்டியில் இப்போது வழிந்த தண்ணீர் மட்டும்தான். வேலை முடிந்ததும் அதையும் திறந்துவிடுகிறோம். மாமா காலத்திலும் ராத்திரி தொட்டியில் தண்ணீர் நிற்காது. மணற்கல் ஒரு பக்கம் ஊறிக்கொண்டே கிடந்தால் அந்தப் பக்கம் மட்டும் இளகி, சீக்கிரம் தேய்ந்து, சக்கரம் கோணலாகிவிடும் என்பார். மோட்டாரைச் சொட்டுத் தண்ணீர் எட்டாத உயரத்தில் தள்ளி வைக்கச் சொன்னேன். தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாமா?

அடுத்தது நாங்கள் செய்த முட்டாள்தனம். பட்டைகளை எவர்சில்வரில் அடித்து வாங்கினோம். அதற்கே செலவு கூடிப்போனதால் போல்ட்டு மட்டும் பழைய இரும்பே போதும் என்று மிச்சம் பிடித்தோம். ஐப்பசி மழை முடிவதற்குள் பட்டை கண்ணாடி மாதிரி இருக்கிறது, போல்ட்டு முன்னைவிட வேகமாகக் கரைந்து போகிறது! பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகன்தான் விளக்கினான். இரண்டு விதமான உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி. சாதா இரும்பு தன்னைக் கொடுத்து எவர்சில்வரைக் காப்பாற்றும். அதிலும் எவர்சில்வர் பெரிதாகவும் இரும்பு சின்னதாகவும் இருந்தால் சின்னது சீக்கிரம் அழியும். (கேட்டதும் எனக்குச் சில குடும்பங்கள் ஞாபகம் வந்தன. அது வேறு கதை.) போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாவற்றையும் எவர்சில்வரிலேயே மாற்றினோம். முதலிலேயே வாங்கியிருந்தால் மிச்சம்.

அச்சை மாற்ற முடியாது. கல்லோடு ஈயம் காய்ச்சி ஊற்றிய பழைய இரும்பு அது. அதற்கு எண்ணெய்தான் கதி. கதவுக் கீலுக்கு விடுவது போல் நல்லெண்ணெய் விட்டேன். கொஞ்ச நாளில் அது கல்சேற்றோடு சேர்ந்து கோந்து மாதிரி ஆகி, அச்சு முனகியது. தேங்காயெண்ணெய் அப்படிக் கோந்தாகாது. அரிவாள்மனைக்கு அத்தை பழக்கிய முறை அதுதான்: கழுவி, துடைத்து, வெயிலில் ஒரு நிமிஷம் காட்டி, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய். காய் நறுக்கும் சாமானுக்கு மிஷின் எண்ணெய் ஆகாது. ஆனால் அச்சுக்கு என்ன? என் தையல் மிஷின் எண்ணெயையே எடுத்தேன். அது மண்ணெண்ணெய் ஜாதி, வருஷக்கணக்கானாலும் பிசுபிசுக்காது. பட்டைக்குள் சுழலும் இடத்துக்கு மட்டும் கெட்டியான கிரீஸ்.

துடைக்காமல் எண்ணெய் விடக்கூடாது. ஈரத்தை உள்ளே வைத்து மூடுவது போலாகிவிடும். வாஷருக்கு அடியில், மரைக்குள், இரண்டு தகடு சேரும் இடுக்கில்தான் துரு முதலில் பிடிக்கிறது. அதனால் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சேற்றைக் கழுவி, துணி நுனியை முறுக்கி இடுக்கெல்லாம் துடைத்துவிட்டுத்தான் எண்ணெய். கல்லின் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது. எண்ணெய் குடித்த கல் இரும்பை அராவாது, வழுக்கும்.

தண்ணீரையும் மாற்றினேன். உவர்ப்புக் கிணற்று நீருக்குப் பதில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர். அதில் ஐந்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா. ஆப்ப சோடா அல்ல, துணிக்குப் போடுவது. சோடாத் தண்ணீரில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிப்பதில்லை. கை வறண்டு போகும், வேலை முடிந்து கழுவிவிட வேண்டும். அலுமினியச் சாமான்மேல் படக்கூடாது, அதை அரித்துவிடும். தீட்டிய உளிகளை மரத்தூளில் புதைத்து வைக்கும் பழக்கத்தையும் நிறுத்தினேன். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டுகிறது. துருப்பிடித்த பழைய உளிகளைப் புளித் தண்ணீரில் ஊறவைத்து, செங்கல் பொடியால் தேய்த்து எடுத்தேன். அப்புறம் அலம்பி, உடனே துடைத்து எண்ணெய் விடாவிட்டால் கண்ணெதிரே மறுபடி செம்பட்டை ஏறும்.

பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று ஓர் ஊர், கத்திகளுக்குப் பேர்போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே முள்கரண்டி தீட்டியவர்கள் காய்ந்த கல்லில் தீட்டினார்களாம். நடுவயசுக்கு முன்னாலேயே மூச்சுத் திணறிச் செத்தவர்கள் ஏராளம். தண்ணீர்க் கல்லில் ரம்பம் தீட்டியவர்கள் அவர்களைவிட அதிக வருஷம் இருந்தார்கள். அதே ஊரில்தான் 1913-இல் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் கலந்து துருப்பிடிக்காத எஃகு செய்தார். நாம் எவர்சில்வர் என்கிறோமே, அந்த வகை. இதை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். முள்கரண்டிக்காரர்கள் பற்றிய இடத்தில் மட்டும் "இன்னொரு தடவ படி" என்றார்.

அந்தக் கார்த்திகைக்குள் இருமல் நின்றது. டாக்டர் சொன்னபடி வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவருகிறோம். எவர்சில்வர் போல்ட்டு நாலும் இன்றுவரை ஸ்பானருக்குத் திரும்புகின்றன.

சாயங்காலம் தீட்டி முடித்ததும் அவரே தொட்டியைத் திறந்துவிட்டு, துடைத்துவிட்டு, என் மிஷின் எண்ணெய் டப்பாவைக் கேட்டு வாங்கிப் போகிறார். திருப்பித் தருகிற வழக்கம் மட்டும் கிடையாது. அதனால் இன்னொரு டப்பா வாங்கி, மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.