விலை எழுதிய கதவு

இந்தக் கோடையில் காஞ்சிபுரத்திலிருந்து ஓர் உறவுக் கூட்டம் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியது. ஈபிள் கோபுரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப்பில் பேச்செல்லாம் பாரிசில் அவர்கள் தங்கிய இரண்டு நட்சத்திர ஓட்டலைப் பற்றித்தான். "அண்ணே, பெட்டியைத் திறந்து வெச்சா கால் வைக்க இடமில்லே. ஃபேன் இல்லே, வாளி இல்லே, மக் இல்லே. லிஃப்ட்ல ஒரு ஆளு போனா லக்கேஜ் வெளியில நிக்குது. இதே காசுக்கு நம்ம காந்தி ரோட்டுல ஏ.சி. ரூமே மூணு போடலாம்" என்று ஒரு தம்பி குரல் பதிவு அனுப்ப, கூரம், ஐயம்பேட்டை, வாலாஜாபாத் என்று எல்லா ஊரிலிருந்தும் கைதட்டல் பொம்மைகள் வந்து விழுந்தன.

அந்தக் குழுவில் ஒருவருக்கு மட்டும் பொறுக்கவில்லை. கூரத்தில் பிறந்தவர், பாரிசில் தலை நரைத்தவர். வந்த புதிதில் கார் டு நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய ஓட்டலில் இரவு ரிசப்ஷனில் உட்கார்ந்து சம்பாதித்தவர். இரவு முழுக்க அவர் தட்டச்சு செய்த பதில்கள் கடைசியில் ஒரே விஷயத்தில் வந்து நின்றன: வாசலில் எழுதிய விலை.

அறை சிறியது என்பதை அவர் மறுக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய வீடுகள் அவை. லிஃப்ட் பின்னாளில் வந்தது. சுழன்று ஏறும் படிக்கட்டின் நடுக் குழிக்குள் அதைச் செருகினார்கள். தெருப் பக்கச் சுவரில் ஏ.சி. பெட்டியை மாட்ட நினைத்தால் அனுமதிக்கு அலைய வேண்டும். ஃபேன் விஷயத்தில் அவரும் தம்பி கட்சிதான். 2003-ஆம் ஆண்டு வெப்ப அலையில் பிரான்சில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் கூரையில் மின்விசிறி மாட்டத் தோன்றாத நாட்டை அவரால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை. வாளி, மக் பற்றிப் பேசவே வேண்டாம். பாரிசின் லா ஷப்பல் பகுதித் தமிழ்க் கடைகளில் பிளாஸ்டிக் செம்பு விற்கிறது, வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் சிறிய அறைக்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு. பிரான்சில் நட்சத்திரம் என்பது முதலாளி ஆசைப்பட்டுப் பெயர்ப்பலகையில் வரைந்துகொள்வது அல்ல. அத்தூ பிரான்ஸ் என்ற அரசுச் சுற்றுலா முகமை வழங்குவது. ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகிவிடும், மறுபடி சோதனை. ஒற்றை நட்சத்திரம் வேண்டுமென்றாலும் இருவர் அறைக்கு 9 சதுர மீட்டராவது காட்ட வேண்டும். வாசலுக்கு வெளியிலேயே, உள்ளே கால் வைக்கும் முன்பே, இன்றிரவு இருவர் அறைக்கு என்ன விலை, காலை உணவு கிடைக்குமா, இணையம் உண்டா என்று எழுதி வைத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அறைக் கதவின் உட்புறத்திலும் ஒரு விலைத்தாள் ஒட்டியிருக்கும். கூரத்துக்காரர் வேலைக்குச் சேர்ந்ததும் முதலாளி முதலில் கற்றுக்கொடுத்தது சாவி கொடுப்பதை அல்ல, அந்தத் தாள் கிழியாமல் பார்த்துக்கொள்வதை.

இரவு இரண்டு மணிக்கு ரயிலைத் தவறவிட்ட ஒருவன் நனைந்து வந்து நிற்பான். கறுப்பனா வெள்ளையனா, கூட வந்தவள் மனைவியா தோழியா என்று கேட்கிற வேலை மேசைக்குப் பின்னால் இருப்பவனுக்கு இல்லை. விலையைக் கூட்டிச் சொல்லவும் முடியாது, வாசலிலேயே படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். இந்த ஒரு விஷயத்துக்காகவே பிரெஞ்சு அரசை அவர் மன்னித்துவிடுவார். குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க விடியற்காலையில் வரிசையில் நிற்க வைத்ததையும் சேர்த்து.

தம்பி விடவில்லை. "2024 ஒலிம்பிக்ஸ்ல அவங்க மட்டும் ஏத்தலையா?" ஏற்றினார்கள். அறை வாடகை விண்ணைத் தொட்டது, ஆள் வராததால் கொஞ்சம் இறங்கியது, ஊருக்குள் தங்குவோரிடம் வாங்கும் தங்கல் வரியும் அந்த ஆண்டு கூடியது. ஆனால் எழுதிவிட்டு ஏற்றினார்கள் என்பது அவர் பதில்.

அடுத்து அவர் அத்தி வரதரைக் கையில் எடுத்தார். 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1-ஆம் தேதி காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திமர வரதர் தரிசனத்துக்காக வெளியே வந்தார். ஆகஸ்ட் 17 வரை, 48 நாளில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் காஞ்சிக்கு வந்து போனதாகக் கணக்கு. சாதாரண நாளில் காலியாகக் கிடக்கும் லாட்ஜ் அறைகளுக்குப் பல மடங்கு வாடகை. வாடகை எவ்வளவு என்பதை வந்தவரின் செருப்பும் கார் நம்பரும் முடிவு செய்தன. கூரத்துக்காரர் தன் தாயாரை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு லாட்ஜில் ரூம் இருக்கிறது என்றார்கள். அவருடைய பிரெஞ்சு பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் இல்லை என்றார்கள். வெளிநாட்டுக் குடிமகன் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் அனுப்ப வேண்டியிருந்தது, அந்தத் தலைவலி எதற்கு என்பது மேலாளர் எண்ணம். பிரான்சிலும் வெளிநாட்டவர் போலீசுக்கென ஒரு சீட்டை நிரப்பத்தான் வேண்டும். அங்கே அதை நிரப்பச் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுக்கிறார்கள்.

விலைப்பட்டியல் மாட்டுவது ஐரோப்பா கண்டுபிடித்த அதிசயமும் இல்லை. 1867-ஆம் ஆண்டின் சராய் சட்டமே, தங்குமிடக் கட்டணங்களை மாவட்ட மாஜிஸ்திரேட் சொல்லும் இடத்தில், சொல்லும் மொழிகளில் எழுதி மாட்ட வேண்டும் என்றது. வடக்கத்திச் சராய்களை மனதில் வைத்து எழுதியதுதான் என்றாலும் நம் நாட்டுச் சட்டம்.

இந்த இடத்தில்தான் அவர் குரல் மாறியது. ஊரை அவரே திட்டலாம், வேறு எவரும் திட்டக் கூடாது. விலைப்பலகை வெள்ளைக்காரனுக்கு வேண்டும், நமக்குச் சத்திரம் இருந்ததே என்றார். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தையும், ராமேஸ்வரம் போகும் வழியெல்லாம் தஞ்சை மராட்டியர் சோறும் மருந்தும் கொடுத்த சத்திரங்களையும் வரிசையாகச் சொன்னார். அப்புறம் சொந்த ஊர்ப் பெருமை. வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வான் வீட்டில் நாள் முழுக்கப் பந்தி நடக்கும். இரவு பந்தி முடிந்து கதவைச் சாத்தினால் அந்த ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயார் காதில் விழுமாம். பாரிசிலோ இப்போது இரவு பதினொன்றுக்கு மேல் பல சின்ன ஓட்டல்களில் ஆளே இருப்பதில்லை. கதவுக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று அந்த நம்பர் கேட்காது.

பதிலுக்குக் குழுவில் இருந்த இளம்பெண் ஒருத்தி கேட்ட கேள்வி இதைவிடக் கூர்மை: "மாமா, அந்தச் சத்திரத்துல எல்லாச் சாதிக்கும் ஒரே பந்தியா?" பல இடங்களில் இல்லை. இன்றும் கோயில் ஊர்களில் சாதிக்கொரு சத்திரம் நிற்கிறது. மிச்சம் கல்யாண மண்டபமாகிவிட்டது. முகம் பார்த்துக் கொடுக்கும் சோற்றைவிட முகம் பாராமல் விற்கும் அறை மேல் என்று பிறகு அவரே எழுதினார்.

அப்படியும் பாரிசின் மலிவு விலைக்கு ஒரு பின்கட்டு உண்டு. அத்தி வரதர் தரிசனம் நடந்த அதே 2019 ஜூலையில், 17-ஆம் தேதி, பாரிசின் ஈபிஸ் பத்திஞோல் ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 700 அறைக்கு மேல் உள்ள ஓட்டல் அது. சுமார் இருபது பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறியவர்கள், ஒப்பந்த நிறுவனத்தின் கீழ் வேலை. மணிக்கு மூன்றரை அறை முடிக்க வேண்டும். 22 மாதப் போராட்டத்துக்குப் பிறகு 2021 மே மாதம் வென்றார்கள். சம்பளம் கூடியது, அறைக் கணக்கு குறைந்தது. முன்னணியில் நின்ற ரஷேல் கேகே 2022-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். வாசல் பலகையில் யூரோ கணக்கு இருக்கிறது, இந்த மூன்றரை இல்லை. பாரிஸ் சமையலறைகளில் தட்டு கழுவித் தலைநிமிர்ந்த ஈழத்தமிழர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

காஞ்சிபுரத்து லாட்ஜில் படுக்கை விரிப்பவருக்கு என்ன சம்பளம் என்று தம்பியைக் கேட்டார். பதில் வரவில்லை.

அத்தி வரதர் இனி வருவது 2059-இல். ஆனால் காஞ்சி வரதர் கோயில் வைகாசி கருட சேவைக் கூட்டம் ஆண்டுதோறும் வருகிறது. காஞ்சிபுரம் இப்போது மாநகராட்சி. லாட்ஜ் உரிமத்தைப் புதுப்பிக்கும்போதே ஒரு நிபந்தனை சேர்க்கலாம். அறையின் அளவு, இன்றைய வாடகை, வரி, இவ்வளவும் வாசலுக்கு வெளியே, தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருக்க வேண்டும்.