இறங்காத கவளம்

போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் தலைவர், நிதானமாக உண்பவர் என்று பெயர் பெற்றவர். சோற்றைக் குழைத்து, மீனை உதிர்த்து, நெடுநேரம் மென்று, கவளத்துக்கு ஒரு மிடறு நீர் குடிப்பார். ஆட்டிறைச்சியை விட்டுப் பல ஆண்டுகள் ஆயின. பந்தியில் கடைசியாக எழுபவர் அவரே. நற்பழக்கம் என்று உறவினர் மெச்சினர். அவருடைய ஆறு வயது மகனோ தட்டைக் கண்டாலே முகம் திருப்புவான். வயிறு வலிக்கிறது என்பான், அடிக்கடி வாந்தி எடுப்பான், எடையும் கூடவில்லை. அது பிடிவாதம் எனப்பட்டது.

ஒரு திருமண விருந்தில், வற்புறுத்தலுக்காக உண்ட கோழித் துண்டு தந்தைக்கு நடுநெஞ்சில் நின்றுவிட்டது. தண்ணீரும் இறங்கவில்லை, உமிழ்நீரைத் துப்ப வேண்டியதாயிற்று. அரைமணி நேரத்தில் அது தானே இறங்கியது.

விழுங்குவதன் இடர்களுக்குத் தமிழில் சொற்பஞ்சமில்லை. விக்குதல் வேறு, புரையேறுதல் வேறு, எதுக்களித்தல் வேறு, நெஞ்சு கரித்தல் வேறு. ஆயினும் அவர் மருத்துவமனையில் சொன்னது, ‘நெஞ்சை அடைக்கிறது’ என்பதே. மாரடைப்புக்கு நெருங்கிய உறவான அச்சொல்லைக் கேட்டு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை. அடுத்த முறை, தீவின் பொதுமொழியான இந்தியில் அவர் விளக்கியது ‘கேஸ்’ என்று புரிந்துகொள்ளப்பட்டு மாத்திரையோடு முடிந்தது.

இரத்தத்தில் இயோசினோஃபில் அணுக்கள் மிகுந்திருந்தன. இயோசின் சாயத்தைப் பற்றிக்கொள்வதால் பவுல் ஏர்லிக் 1879இல் அவற்றுக்கு இட்ட பெயர் அது; சாயத்தின் பெயரோ கிரேக்கரின் விடியல் தேவதையுடையது. புழுத்தொற்றில் அவை பெருகும். நிக்கோபாரின் நான்கௌரித் தீவுகளில் யானைக்கால் நோயின் நுண்புழு பகலிலும் இரத்தத்தில் உலவும் அரிய வகையே உண்டு. ஆகவே புழுவைத் தேடியதும் முறையே. புழு இல்லை என்றான பின்பும் தேடலை நிறுத்தியதுதான் பிழை.

சென்னையில் ஒரு மருத்துவர் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. ‘சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும்? தண்ணீர் இல்லாமல் சோறு இறங்குமா? எதையெல்லாம் சாப்பிடுவதை விட்டுவிட்டீர்கள்?’ என்று கேட்டார். நோய் பழக்கமாக வேடமிட்டிருந்தது. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் கண்ணுக்கு ஏறத்தாழ இயல்பாகவே தெரிந்தது. எனினும் பல இடங்களில் திசுத்துணுக்குகள் எடுக்கப்பட்டன. நுண்ணோக்கியின் ஓர் உயர்திறன் புலத்தில் 15 இயோசினோஃபில்களுக்குக் குறையாமல் இருப்பதே அளவுகோல். அவருக்கு அதைவிடக் கூடுதல். 1990களில்தான் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாக விவரித்தது. இவ்வணுக்கள் இரைப்பையிலோ குடலிலோ மிகுந்தால் அறிகுறிகள் வேறு: வயிற்று வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, சில வேளை மலத்தில் இரத்தம்.

‘வீட்டில் வேறு யாருக்காவது ஆஸ்துமா, ஒவ்வாமை, சாப்பிடுவதில் சிரமம் உண்டா?’ என்று மருத்துவர் கேட்டார். இந்நோய் ஆண்களிடம் மிகுதி. குடும்பங்களில் தொடர்வதும் உண்டு. பெரியவர்களுக்குக் கவளம் சிக்கும். சிறு குழந்தைக்கோ அதைச் சொல்லச் சொல் இராது, உண்ண மறுக்கும். அதுவரை பேசாதிருந்த மனைவி சொன்னார்: ‘எங்க பையன் சாப்பிடவே மாட்டேங்கிறான், டாக்டர்.’

மருத்துவர் இன்னொரு தாளை எடுத்துச் சிறுவனின் வயதைக் கேட்டார்.