பூக்காரம்மாவின் நெற்றி

கே.ஆர். மார்க்கெட்டில் விடியுமுன் எடுத்த சாமந்திக் கூடைப் படங்கள் இரண்டு என் மேசையில் கிடக்கின்றன. ஒரே இடம், ஒரே குண்டு பல்பு, இரண்டு போன். முதலாவதில் இதழ் இதழாகப் பூ தெரிகிறது. ஆனால் இருட்டு முழுக்க மணல் தூவினாற்போல் புள்ளி. இரண்டாவது போன் புள்ளியை வழித்தெடுத்துவிட்டது. கூடவே பூக்காரம்மாவின் நெற்றிச் சுருக்கத்தையும்.

எது ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் நிரல் எழுதுவதுதான் பெங்களூரில் என் பிழைப்பு.

முன்பு மூலப்படத்தோடு ஒப்பிட்டு மார்க் போடுவார்கள். 2004-ல் வந்த எஸ்எஸ்ஐஎம் என்ற அளவுகோலும் அப்படித்தான். போனில் எடுத்த படத்துக்கு மூலம் ஏது? பூக்கூடைதான் மூலம், அது பத்து மணிக்குள் விற்றுப்போகும். 2012-ல் டெக்சாஸில் மிட்டல், மூர்த்தி, போவிக் மூவரும் கொண்டுவந்த பிரிஸ்க் என்ற முறை இதற்கொரு வழி காட்டியது. ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் அக்கம்பக்கத்துச் சராசரியைக் கழித்து, அங்குள்ள ஏற்ற இறக்கத்தால் வகுக்க வேண்டும். நல்ல படமென்றால் விடைகள் மணி வடிவில் பரவும். மங்கலோ இரைச்சலோ புகுந்தால் மணி நெளியும். அந்த நெளிவை 36 எண்களில் பிடித்துவிடலாம். போவிக்குடன் ஆய்வு செய்த ராஜீவ் சௌந்தரராஜன் இதே துறையில் இங்கே டாடா இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறார். (ஐ.ஐ.எஸ்.சி.தான்; அந்தப் பெயர் சொன்னால் பழைய ஆட்டோக்காரர்களுக்குப் புரியாது.)

எது நல்ல படம் என்பதை நிரல் மனிதர் போட்ட மார்க்கைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. இப்படி மார்க் போட்ட படங்களின் தொகுப்பான, 2020-ல் வெளிவந்த ஸ்பாக்கில் மட்டும் 66 போன்களில் எடுத்த 11,125 படங்கள்.

எங்கள் இரண்டு படங்களுக்கும் ஆட்களை உட்காரவைத்து ஒன்று முதல் ஐந்து வரை மார்க் கேட்டோம். எங்கள் பொறியாளர்கள் விரலால் விரித்து மூலை முடுக்கைத் தேடினார்கள். கேன்டீன் அக்கா விரிக்கவேயில்லை. "மூஞ்சி பளிச்சுன்னு இருக்கு, போதாதா?" என்று இரண்டாவதுக்கு ஐந்து போட்டார். எனக்கு அந்த முகம் மெழுகு பொம்மை. ஒன்றுக்கு மேல் கை வரவில்லை. மற்றவர்களும் இப்படியே இரண்டு கட்சி. இரண்டாவதன் சராசரி மூன்று. நிரலும் மூன்று என்றே கணித்திருந்தது. அன்று எல்லாருக்கும் கைகுலுக்கல், டீ.

இரவு மார்க் தாள்களைத் திரும்பப் புரட்டினேன். அந்தப் படத்துக்கு மூன்று போட்டவர் ஒருவர்கூட இல்லை.