அடி வாங்கி உருப்பட்டவர்கள்

ஒவ்வோர் ஆண்டும் மே 16, ஆசிரியர் தினத்தன்று, எங்கள் ஆரம்பப்பள்ளிப் புலனக் குழுவில் யாராவது ஒரு ரோத்தான் படத்தைப் போட்டுவிடுவார்கள். "இது இல்லன்னா நாமெல்லாம் எங்க இருந்திருப்போமோ", "இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு இதோட அருமை தெரியாது", "அடி வாங்கித்தான் வளந்தோம், கெட்டா போயிட்டோம்?" என்று மதியம் வரை செய்திகள் ஓடும். எழுதுபவர்களில் இரண்டு ஆசிரியர்கள், ஒரு தாதி, சொந்தமாக லோரி ஓட்டும் ஒருவன் எல்லாரும் உண்டு. யாரும் கெட்டுப் போகவில்லைதான்.

நான் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியியலாளர். சோதனையில் தேறிய பலகைகளை மட்டும் மேசையில் அடுக்கி, "பாருங்க, ஓவன் சூடு சரியாத்தான் இருக்கு" என்று அறிக்கை எழுத முடியாது. "ரிஜெக்ட் பெட்டி எங்க?" என்பதுதான் மேலாளரின் முதல் கேள்வியாக இருக்கும்.

அந்தக் கேள்வியை எங்கள் வகுப்பிடம் கேட்டுப் பார்த்தேன். ஆறாம் ஆண்டில் நாங்கள் 31 பேர். குழுவில் இருப்பது 19 பேர். மீதி 12 பேரில் சிலர் எண்ணை மாற்றிவிட்டார்கள், சிலருக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை. ஆனால் வகுப்பில் அதிகம் அடி வாங்கிய மூன்று பேருமே அந்த 12-க்குள்தான் இருக்கிறார்கள். ஆறு வருடத்தில் நான் வாங்கியது நாலோ ஐந்தோ. அவர்களுக்கு அது ஒரு வாரக் கணக்கு. ஒருவன் புகுமுக வகுப்போடு நின்றுவிட்டான். இன்னொருவன் படிவம் 3 தாண்டவில்லை.

அடிதான் அவர்களைக் கெடுத்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ரோத்தான் வேலை செய்யும் என்றால், அதிகம் வாங்கியவனிடம்தானே அதிகம் வேலை செய்திருக்க வேண்டும்? ஒரே மருந்தை ஆறு வருடம் கொடுத்தும் குணமாகாதவன் ஒரு பக்கம் இருக்க, இரண்டு சொட்டுக் குடித்த நாம் ஏன் மருந்துக்குச் சாட்சி சொல்கிறோம்?

சட்டம் நம் நினைவுகளைவிடக் கறாரானது. 1959-ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி மாணவிகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது. மாணவர்களையும் தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் அடிக்கலாம், அதுவும் மெல்லிய பிரம்பால், உள்ளங்கையிலோ உடைக்கு மேல் பின்புறத்திலோ. வாய்ப்பாடு தெரியாததற்கு மர ரூலர், வீட்டுப்பாடம் செய்யாததற்குக் காது திருகல், விரல் முட்டியில் ஒரு போடு, இவையெல்லாம் இந்த விதிக்குள் எங்கே வருகின்றன? குழுவில் நாங்கள் சிரித்துச் சிரித்து நினைவுகூர்வது பெரும்பாலும் இவற்றைத்தான்.

ஆசிரியர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. "கண்ண மட்டும் விட்டுட்டு மத்தபடி தோல உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையை ஒப்படைத்தவர்கள் நம் பெற்றோர்கள். 1923-இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படி வந்த பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோதான் பாடம் நடத்தினார்கள். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்தவரே பிறகு வகுப்பிலும் பெயர் கூப்பிட்டால், பள்ளிக்கும் பெரட்டுக்கும் என்ன வித்தியாசம் இருந்திருக்கும்? வரிசையில் நில், கையைக் கட்டு, வாயைத் திறக்காதே. அடங்கக் கற்ற பிள்ளைக்கு வேலை போகாது என்று அந்தத் தலைமுறை நம்பியிருக்கும். அந்த வாசகத்தில் எனக்குக் கேட்பது கொடூரமில்லை, பயம்.

சென்ற ஆண்டிலிருந்து சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். 24 பேர். கை ஓங்கத் தோன்றும் அந்த நொடி எனக்கும் தெரியும். நாற்பது பேரை வைத்துக்கொண்டு, கணினியில் தரவும் ஏற்றிக்கொண்டு, வாரத்துக்கு ஐந்து நாள் சமாளிப்பவர்களுக்கு அது எத்தனை முறை தோன்றுமோ!

அவர்களின் வகுப்பாசிரியை கையில் நான் ரோத்தானைப் பார்த்ததில்லை. சத்தம் எப்போது கூடும் என்று அவருக்குத் தெரியும். ஓய்வு முடிந்து திரும்பும்போதும், ஒரு பாடம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியிலும். அதனால் பிள்ளைகள் உள்ளே வரும்போதே மேசையில் பயிற்சித் தாள் இருக்கும். முதல் இரண்டு கணக்கு எல்லாருக்கும் வரக்கூடியதாக இருக்கும். ஆட்டம் போடுபவனிடம் நோட்டுகளைக் கொடுத்து விநியோகிக்கச் சொல்வார். கண்டிக்க வேண்டுமென்றால் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்துவார்.

ஒரு பையன் தினமும் தாமதமாக வந்து, வகுப்பில் தூங்கி, எழுப்பினால் பக்கத்தில் இருப்பவனை அடிப்பான். வேறு யாராக இருந்தாலும் நேராகக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்பியிருப்பார்கள். இவர் அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மாவுக்கு இரவு ஷிப்ட், ஏழிலிருந்து ஏழு. என் தொழிற்சாலையிலும் அதே ஷிப்ட்தான். ராத்திரி தங்கச்சி அழுதால் எழுந்து பால் கலக்கிக் கொடுப்பது அவன். அதற்குப் பிறகு காலையில் முதலில் அவனுக்கு ஒரு ரொட்டியும் மைலோவும் கிடைத்தன. பையன் ஒரே மாதத்தில் தங்கமாகிவிடவில்லை. கை நீட்டுவது மட்டும் குறைந்தது.

"அடிச்சா அந்தப் பீரியட் அமைதியா ஓடிரும் தம்பி," என்றார் அவர் ஒருநாள். "அடுத்த பீரியட்டுக்கு யாரு அடிக்கிறது?"

இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பலர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போவோம். தோலை உரிக்க அனுமதி கொடுத்துவிட்டு வருவதற்குப் பதிலாக, வீட்டில் யார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது, யாரிடம் இருக்கிறது என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வரலாம். அவருக்கு உபயோகமாக இருக்கும்.